வீட்டு வலையமைப்பில் விளையாட்டு மாற்றம்

விளையாட்டுத்தானே என்று தள்ளிவிடத்தக்க பொருளன்று இது. எம் மாணவனொருவன், கன்சோல் எனப்படும் விளையாட்டுப் பொறியிற் புதியதொன்று கிடைத்த மகிழ்ச்சியில், பழையதிலுள்ளவற்றை அழித்து அதனை விற்றுவிட்டான். ஈராண்டு முயன்று ஏறிய படிகள் யாவும் அதனோடு மறைந்தன. அவன் முகவாட்டங் கண்ட பின்னரே யாம் இம்முறையை அறிய முற்பட்டோம். அறிந்ததை ஈண்டுத் தருகின்றோம்.

2020 ஆம் ஆண்டில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 ஐ எடுத்துக்கொள்வோம். பிளேஸ்டேஷன் 4 இலுள்ள விளையாட்டுகளையும் சேமிப்புகளையும் இதற்கு வீட்டினுள்ளேயே மாற்றலாம். இரு பொறிகளும் ஒரே ரூட்டரோடு இணைந்திருத்தல் வேண்டும். இரண்டிலும் ஒரே கணக்கு நுழைந்திருத்தல் வேண்டும். புதிய பொறியின் அமைப்புப் பகுதியில் தரவு மாற்றத்தைத் தெரிந்து, அது கேட்கும்போது, பழைய பொறியின் மின்பொத்தானை ஒலி எழும்வரை அழுத்துக. பின்னர் வேண்டியவற்றைத் தெரிந்தால் மாற்றந் தொடங்கும்.

இவ்வழிச் செல்லுங் கோப்புகள் ரூட்டரைத் தாண்டி இணையத்துக்குப் போவதில்லை. ஆதலின் மாதத் தரவு குறையாது. அளவிட்டுத் தரவு வாங்கும் இல்லங்களுக்கு இது சிறு நன்மையன்று.

நேரத்தையுங் கணக்கிடுவோம். வினாடிக்கு 100 மெகாபிற்றுச் செல்லும் இணைப்பில், எட்டுப் பிற்று ஒரு பைற்று ஆதலின், 12.5 மெகாபைற்றே செல்லும். 100 கிகாபைற்று விளையாட்டொன்றுக்கு 8,000 வினாடி, அதாவது ஏறக்குறைய 2 மணி 13 நிமிடம் வேண்டும். 1,000 மெகாபிற்றுக் கம்பியிணைப்பாயின் 800 வினாடி போதும். இவை கணக்கின் எல்லைகளே. வன்தட்டின் வேகங் குறையின் நேரங் கூடும். கம்பியில்லா இணைப்பினுங் கம்பியே நன்று.

மறவற்க: செல்வது பிரதியே, உரிமையன்று. உரிமை கணக்கைச் சார்ந்தது. இறுவட்டாக வாங்கிய விளையாட்டுக்கு இறுவட்டே வேண்டும். இறுவட்டுச் செலுத்தியில்லாப் பொறியில் அது இயங்காது. பிளேஸ்டேஷன் 5 க்கென வெளியான பதிப்பு பழைய சேமிப்பை ஏற்குமா என்பதும் விளையாட்டுக்கு விளையாட்டு வேறுபடும்.

மாற்றம் முடிந்த பின்னும் பழைய பொறியிலுள்ளவை அங்கேயே இருக்கும். இதுவே நமக்குள்ள காப்பு. புதிய பொறியில் ஒவ்வொரு விளையாட்டையுந் திறந்து, இறுதியாக நின்ற இடத்திலிருந்து அது தொடர்கின்றதா என நோக்குக. தொடர்ந்தாலன்றிப் பழையதை அழியற்க. எம் மாணவன் அன்று அரைமணி பொறுத்திருப்பின் ஈராண்டை இழந்திருக்கமாட்டான்.