விடியற்காலைப் புயலை முன்கூட்டியே அறிதல்

இருள் பிரியுமுன் பெரட்டு முடிந்து, தலைவிளக்குடன் தொழிலாளர்கள் நிரையில் இறங்குகின்றனர். சற்று நேரத்தில் மேற்கு வானம் கறுக்கிறது. காற்று சீறுகிறது, கிளைகள் முறிகின்றன, மங்கில் வடிந்த பாலில் மழைநீர் கலக்கிறது. மேற்குக் கரைத் தோட்டங்களில் வாழ்வோர் நன்கறிந்த இது 'சுமத்திராக் காற்று' எனப்படும்.

இது எவ்வாறு பிறக்கிறது? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், இரவில் சுமத்திராவிலிருந்தும் நம் நிலத்திலிருந்தும் குளிர்காற்று மலாக்கா நீரிணையை நோக்கி வீசுகிறது. இரண்டும் சந்திக்குமிடத்தில், கடல்மேலுள்ள வெப்பமான ஈரக்காற்று மேலே தள்ளப்பட்டு இடிமுகில்கள் வரிசையாகத் திரள்கின்றன. மழையோடு இறங்கும் குளிர்காற்று முன்னே பாய்ந்து, எதிர்ப்படும் ஈரக்காற்றை உயர்த்திப் புதிய முகில்களை உண்டாக்குகிறது. இவ்வாறு வரிசை முழுவதும் கிழக்கே நகர்ந்து நம் கரையை அடைகிறது. அப்போது காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும்.

மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் வானொலி அலைகளைக் கொண்டு, மழை எங்குள்ளது என்பதை ரேடார் கருவி காட்டுகிறது. டாப்ளர் ரேடார், அம்மழை நம்மை நோக்கி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதையும் அளக்கிறது. ஆயினும், துளிகள் உண்டான பின்னரே ரேடார் அவற்றைக் காணும். அதற்கும் முன்னரே அறிவது எப்படி என்பதே ஆராய்ச்சியாளர்களின் நோக்கம்.

இதற்குத் துணைக்கோள்கள் உதவுகின்றன. ஜப்பான் 2014ஆம் ஆண்டில் செலுத்திய ஹிமாவாரி-8, 10 நிமிடங்களுக்கு ஒருமுறை நம் வட்டாரத்தைப் படமெடுத்தது. 2022 டிசம்பரில் ஹிமாவாரி-9 அப்பணியை ஏற்றது. முகிலின் உச்சி விரைந்து குளிருமாயின், அது விரைந்து வளர்கிறது என்பது பொருள். இவ்வடையாளத்தையும் ரேடார் அளவுகளையும் கணினியில் இணைத்து, புயலின் போக்கைக் கணிக்க முயல்கின்றனர்.

இத்தகைய புயலின் ஆயுள் சில மணி நேரமே. ஆகவே, எச்சரிக்கையும் சில மணி நேரத்திற்கு முன்னர்தான் கிடைக்கும். சிலவேளை அது பொய்க்கவும் கூடும். ஒருமுறை பொய்த்தது என்பதற்காக அடுத்த முறை அலட்சியம் செய்தல் ஆபத்து.

எச்சரிக்கை அலுவலகத்தோடு நின்றுவிட்டால் பயனில்லை. பெரட்டுக்கு முன்பே வானிலை அறிவிப்பைக் கேட்டு, மண்டோர் அதனை அனைவருக்கும் கூறவேண்டும். இடி கேட்டவுடன் மரத்தடியில் ஒதுங்காது கட்டடத்திற்குள் செல்லுதல் வேண்டும். கடைசி இடி முழங்கி 30 நிமிடங்கள் கழிந்த பின்னரே வெளிவருதல் நன்று. வெட்டிய பாலை விட்டுவர மனம் வராது என்பதை நாம் அறிவோம். பால் நாளையும் வடியும். போன உயிர் திரும்பாது.