உதடு மூடாத மொழிக்கு ஓர் எழுத்து

வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடருடைய தென்பகுதி, இன்றைய வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, டென்னசி மாநிலங்களின் எல்லைகள் ஒன்றையொன்று தொடும் மலைநாடு ஆகும். அதைத் தாயகமாகக் கொண்டிருந்த செரோக்கி மக்களின் மொழி இரோக்வோயன் என்னும் மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் பிற மொழிகளான மோஹாக், செனகா, ஒனைடா முதலியவை வடக்கே பேரேரிகளை ஒட்டிய நிலங்களில் வழங்க, செரோக்கி மட்டும் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அவற்றிலிருந்து பிரிந்து தெற்கே தனித்து வளர்ந்தது என்பது மொழியியலாளர் கணிப்பு. 1838–39ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசு படைபலத்தைக் கொண்டு அம்மக்களில் பெரும்பாலோரை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால், இன்று ஓக்லஹோமா எனப்படும் பகுதிக்குத் துரத்தியது. அந்த நெடுவழியில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர். மலைநாட்டிலேயே தங்கிவிட்ட சிறுபிரிவினரின் பேச்சும் ஓக்லஹோமாவுக்குச் சென்றவர்களின் பேச்சும் இன்று இரு கிளைவழக்குகளாக உள்ளன. மூன்றாவதாக இருந்த கீழ்நாட்டு வழக்கு மறைந்துவிட்டது. மற்ற வழக்குகளில் லகரம் வரும் இடத்தில் அவ்வழக்கில் ரகரம் வரும். 'த்ஸலகி' என்று தம்மைக் குறிக்கும் மக்களின் பெயர் ஆங்கிலத்தில் ரகரத்தோடு 'செரோக்கி' என்று வழங்குவதற்கு அந்த வழக்கே காரணமாகக் காட்டப்படுகிறது.

இம்மொழியின் ஒலிகளில் முதலில் கவனத்துக்கு வருவது இதழொலிகளின் பஞ்சம். பகரம் இல்லை, அதன் அதிர்வொலி இல்லை, கீழுதட்டை மேற்பல் தொட்டுப் பிறக்கும் ஒலிகளும் இல்லை. மேலுதடும் கீழுதடும் ஒன்றையொன்று தொட்டுப் பிறக்கும் ஒலியாக மகரம் மட்டுமே உண்டு, அதுவும் விரல்விட்டு எண்ணத்தக்க சில சொற்களில்தான் வருகிறது. ஆகவே செரோக்கியில் நெடுநேரம் உரையாடுபவர் உதட்டை ஒருமுறையும் மூடாமலிருப்பது அரிதன்று. பிறமொழிப் பெயர்களில் பகரம் வந்தால் அதைப் பெரும்பாலும் 'க்வ' என்னும் ஒலியாக மாற்றிக்கொள்வது வழக்கம். வட கரோலினாவில் அம்மக்கள் இன்றும் வாழும் நிலத்துக்குக் 'க்வாலா' என்று பெயர். அங்கு வாழ்ந்த போலி என்னும் பெண்ணின் ஆங்கிலப் பெயர் செரோக்கி நாவில் 'க்வாலி' ஆகி, அதிலிருந்து இப்பெயர் பிறந்ததாக மானிடவியலாளர் ஜேம்ஸ் மூனி பதிவு செய்திருக்கிறார்.

உயிரொலிகள் ஆறு. அவற்றில் ஐந்து தமிழருக்குப் பழக்கமானவையே. ஆறாவது மூக்கின் வழியாகவும் காற்றை விட்டு, நாவை வாயின் நடுவில் நிறுத்தி ஒலிப்பது. பேச்சுத் தமிழில் 'மரம்' என்ற சொல்லின் இறுதி மகரம் தனி ஒலியாகக் கேளாமல் முன்னுள்ள உயிரை மூக்கொலியாக்கி மறைவதைக் கவனித்தவருக்கு இவ்வொலியின் தன்மை ஓரளவு பிடிபடும். மெய்களில் கடினமானது, நாநுனியைத் தகரத்துக்கு உரிய இடத்தில் வைத்துத் தடுத்த காற்றை நாவின் இரு பக்கங்களிலும் வழியவிட்டு ஒலிக்கும் ஒரு கூட்டொலி. 'த்ல' என்று எழுதுவது அதற்கு மிக அண்மையான குறிப்பே தவிரச் சரியான ஒலிப்பெயர்ப்பு ஆகாது. இவை போக, குரல்வளையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலியும், உயிரின் குறில் நெடில் வேறுபாடும், குரலின் ஏற்றத்தாழ்வும் பொருளை மாற்றும் ஆற்றல் உடையவை. 'அம' என்ற வடிவம் ஒருவகையாக ஒலித்தால் தண்ணீர், இன்னொருவகையாக ஒலித்தால் உப்பு.

இம்மொழியின் உயிர்நாடி வினைச்சொல். பேசுபவர் யார், கேட்பவர் அதில் சேர்கிறாரா, எத்தனை பேர் என்பதெல்லாம் வினையின் முன்னொட்டிலேயே அடங்கிவிடும். 'த்ஸிவோனிஹ' என்றால் நான் பேசுகிறேன். 'ஹிவோனிஹ' என்றால் நீ பேசுகிறாய். 'கவோனிஹ' என்பது ஆணென்றோ பெண்ணென்றோ பிரிக்காமல் அவர் பேசுவதைச் சொல்லும். நாம், நாங்கள் என்ற வேறுபாட்டை இயல்பாக அறிந்த தமிழருக்கு அடுத்த படி சுவையானது, ஏனெனில் செரோக்கி அந்த வேறுபாட்டோடு இருமை எண்ணையும் சேர்த்து நான்காகப் பகுக்கிறது: நீயும் நானும் மட்டும் பேசினால் 'இனிவோனிஹ', நீ நீங்கலாக இன்னொருவரும் நானும் பேசினால் 'ஒஸ்திவோனிஹ', நீ உட்படப் பலர் பேசினால் 'இதிவோனிஹ', நீ நீங்கலாகப் பலர் பேசினால் 'ஒத்ஸிவோனிஹ'. கொடுத்தல், எடுத்தல் போன்ற வினைகள் பொருளின் தன்மையைப் பார்த்தும் உருவம் மாறுகின்றன. உயிருள்ளது, துணிபோல் வளைவது, கோல்போல் நீண்டு விறைத்தது, நீர்மம், இவற்றில் அடங்காத மற்றவை என ஐந்து வகைக்கு ஐந்து வினையடிகள் இருப்பதால், பொருளின் பெயரைச் சொல்லாமல் 'கொடு' என்று கேட்டாலே கேட்கப்படுவது பூனையா சட்டையா தண்ணீரா என்று கேட்பவர் ஊகித்துவிட முடியும்.

சொற்களஞ்சியத்தில் அயலாரோடு கொண்ட தொடர்பின் தடங்கள் தெளிவாக உள்ளன. பசுவைக் குறிக்கும் 'வக' ஸ்பானிய மொழியின் 'வாகா' என்பதிலிருந்து வந்தது. பன்றி வந்த கதை இதைவிடச் சுவையானது. 'சிக்வ' என்னும் சொல் முன்னர் அந்நாட்டுக்கே உரிய ஒபாசம் என்ற பைவிலங்கைக் குறித்திருக்க வேண்டும். ஐரோப்பியர் பன்றியைக் கொண்டுவந்ததும் அச்சொல் புதிய விலங்குக்குப் போய்விட, பழைய விலங்கு 'சிக்வ உத்ஸெத்ஸ்தி', அதாவது பல்லிளிக்கும் பன்றி என்று அழைக்கப்படலாயிற்று. சொந்த மண்ணின் விலங்கு தன் பெயரையே அயல் விலங்குக்குப் பறிகொடுத்தது இம்மக்களின் வரலாற்றைப் படித்தவருக்கு வேடிக்கையாக மட்டும் தோன்றாது. யானைக்கு வண்ணத்துப்பூச்சியின் பெயரான 'கமாமா' என்பதையே வழங்கினர். அகன்ற காதுகள் சிறகுகளை நினைவூட்டியதே காரணம் என்பர்.

இத்தகைய மொழிக்கு எழுத்து அமைத்தவர், ஆங்கிலம் படிக்கவோ எழுதவோ அறியாத வெள்ளிக் கொல்லரான செக்வோயா. வெள்ளையர் தாளில் கோடுகளை இட்டு, தொலைவிலிருப்பவரோடு பேசும் வித்தையைக் கண்ட அவர், 1809ஆம் ஆண்டளவில் அதைத் தம் மொழிக்கும் செய்ய முற்பட்டு, முதலில் சொல்லுக்கு ஒரு குறி என்று வரையத் தொடங்கினார். குறிகள் பெருகிக்கொண்டே போக, அவ்வழியைக் கைவிட்டுச் சொற்களை ஒலித்துண்டுகளாகப் பிரித்துக் கேட்கலானார். மொழியியல் என்ற துறையின் பெயரைக்கூட அறியாத ஒருவர் காதையே கருவியாகக் கொண்டு இந்த இடத்தை வந்தடைந்ததுதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு. குறிகளின் வடிவம் அதற்குப் பின்னர் வந்த சில்லறை வேலை. 1821இல் பணி நிறைவுற்றது. ஐயுற்ற தலைவர்கள் முன்னிலையில் அவரும், எழுத்தைக் கற்றிருந்த அவருடைய சிறு மகள் அயோகாவும் தனித்தனியே நிறுத்தப்பட, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் காட்டியதன் பின்னரே நம்பிக்கை பிறந்தது. 1825இல் செரோக்கி நாட்டின் ஆட்சிமன்றம் அதை முறையாக ஏற்றது. பள்ளியோ ஆசிரியரோ இல்லாமல், வீட்டிலும் வழியிலும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றே சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் எழுதப் படிக்கத் தெரிந்தவராயினர்.

அவர் அமைத்தது அசையெழுத்து முறை, அதாவது மெய்யும் உயிரும் சேர்ந்த ஓர் ஒலித்துண்டுக்கு ஒரு குறி. தமிழின் உயிர்மெய்யிலும் இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன என்றாலும், கி, கு, கெ ஆகியவற்றில் ககரத்தின் உருவம் கண்ணுக்குத் தெரியும். செரோக்கியில் அவ்வகை உறவு ஏதும் இல்லை, 'கி'க்கும் 'கு'வுக்கும் உரிய குறிகள் ஒன்றையொன்று சற்றும் ஒத்திரா. அதனால் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியவை முதலில் 86 ஆகவும், பயன்படாத ஒன்று நீங்கியபின் 85 ஆகவும் இருந்தன. இவற்றில் ஆறு தனி உயிர்கள். தனியே நிற்கும் மெய் 'ஸ்' ஒன்றுதான், ஏனெனில் அது மட்டுமே பிற மெய்களுக்கு முன்னால் அடிக்கடி ஒட்டி வருவது.

ஆங்கில நூல்களில் கண்ட உருவங்கள் சிலவற்றைச் செக்வோயா அவற்றின் ஒலியை அறியாமலே எடுத்துக்கொண்டார்; அச்செழுத்து வார்க்கப்பட்டபோது அவருடைய வளைவு நெளிவான கையெழுத்து வடிவங்கள் ஆங்கில எழுத்துகளை இன்னும் நெருங்கின, அந்த மாற்றத்தில் பாதிரியார் சாமுவேல் வூஸ்டரின் கை எவ்வளவு என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விளைவு ஆங்கிலம் அறிந்தவரைத் திகைக்க வைப்பது: 'டபிள்யூ' எழுத்து 'ல', 'இசட்' எழுத்து 'நோ', நான்கு என்னும் எண் 'ஸெ', பெரிய 'எச்' எழுத்து 'மி', சிறிய 'எச்' எழுத்து 'னி'. மேலே கண்ட 'இனிவோனிஹ' என்னும் சொல் ஐந்து குறிகளால் ஆனது, அவற்றில் இரண்டாவதும் நான்காவதும் இந்தச் சிறிய 'எச்' ஆகும். பாஸ்டனில் வார்த்துக் கொண்டுவந்த இந்த எழுத்துகளைக் கொண்டு 1828 பிப்ரவரி 21 அன்று ஜார்ஜியாவின் நியூ எச்சோட்டாவில் எலியாஸ் பூடினாட்டை ஆசிரியராகக் கொண்ட 'செரோக்கி ஃபீனிக்ஸ்' இதழ் இரு மொழிகளில் வெளிவந்தது. 1835இல் ஜார்ஜியக் காவற்படை அந்த அச்சகத்தைக் கைப்பற்றியது. அச்சுக்கு வெளியேயும் எழுத்து வாழ்ந்தது. மூனி 1880களில் க்வாலாவுக்குச் சென்றபோது, மருத்துவர்கள் தம் மந்திரங்களையும் மூலிகைக் குறிப்புகளையும் இதே எழுத்தில் எழுதி மறைத்து வைத்திருந்ததைக் கண்டார். அவற்றின் ஒரு பகுதியே 1891இல் நூலாக வந்தது.

எழுத்து சொல்லாமல் விடுபவை பல. குறில் நெடில் காட்டப்படுவதில்லை, குரல் ஏற்றத்தாழ்வு காட்டப்படுவதில்லை, குரல்வளை அடைப்புக்குக் குறி இல்லை. மூச்சுக்காற்று மிகுந்த மெய்யையும் மிகாத மெய்யையும் 'க', 'த', 'தி', 'தெ' போன்ற சிலவற்றில் மட்டும் பிரித்து, மற்ற இடங்களில் ஒரே குறியால் எழுதுகிறது. கடல், அகல் என்ற சொற்களில் வேறுபடும் இரு ஒலிகளை ஒரே ககரத்தால் எழுதிப் பழகிய தமிழருக்கு இதில் வியப்பு இருக்காது. மெய்யோடு மெய் மயங்கும் இடத்தில் ஒலிக்காத ஓர் உயிரை இட்டு எழுத வேண்டும். சொல்லின் இறுதி உயிர் பேச்சில் உதிர்ந்துவிடும், எழுத்தில் நிற்கும். இவற்றைக் குறைபாடு என்று சொல்வது பொருந்தாது. மொழியைத் தாய்மடியில் கற்றவர் 'அம' என்பதைக் கண்டதும் அருகிலுள்ள சொற்களைக் கொண்டே தண்ணீரா உப்பா என்று ஒலித்துவிடுவார். செக்வோயா எழுதியது அத்தகையவருக்காகவே.

சிக்கல், படிப்பவர் மாறியதால் வந்தது. 2019இல் மூன்று செரோக்கி அரசுகள் கூடி மொழி நெருக்கடி நிலையை அறிவித்தபோது சரளமாகப் பேசுவோர் ஏறத்தாழ 2,100 பேரே இருந்தனர், அவர்களில் பெரும்பாலோர் முதியவர். எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை: 1999இல் யூனிகோடில் இடம்பெற்று, 2010இல் ஐஃபோன் வரை வந்துவிட்டது, ஓக்லஹோமாவின் டாலக்வாவிலும் வட கரோலினாவிலும் முழுவதும் செரோக்கியிலேயே பாடம் நடத்தும் பள்ளிகளில் சிறுவர் இதைத் தட்டச்சு செய்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தை முதன்மொழியாகக் கொண்டு புத்தகத்திலிருந்து கற்பவருக்கு, எழுத்து விட்டுச்சென்ற ஒலிகளை யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கிறது. செரோக்கியைத் தாய்மொழியாகக் கொண்ட மொழியியலாளர் டர்பின் ஃபீலிங் 1975இல் வெளிவந்த செரோக்கி–ஆங்கில அகராதியில் இதற்கு வழி செய்தார். ஒவ்வொரு சொல்லையும் செக்வோயாவின் எழுத்தில் தந்ததோடு ரோம எழுத்திலும் தந்து, அதன் மேல் சிறு எண்களை இட்டார்: தாழ்ந்த குரலுக்கு இரண்டு, உயர்ந்ததற்கு மூன்று, அதனினும் உயர்ந்ததற்கு நான்கு, ஏறும் குரலுக்கு இரண்டும் மூன்றும் சேர்த்து, இறங்கும் குரலுக்கு மூன்றும் இரண்டும் சேர்த்து. அன்றாடக் கடிதத்திலோ இதழிலோ இந்த எண்களை எவரும் எழுதுவதில்லை. அவற்றைத் தேடி அகராதியைப் புரட்டுபவர் மொழியைப் புதிதாகக் கற்பவரே.