எடை இறங்குகிறது, தொப்பை இறங்கவில்லையே!



மே 5 வணிகர் தின மாநாட்டுக்குப் போய் வந்த சில நாட்களில் குரூப் போட்டோ கடைக்கு வந்து சேரும். கையில் வாங்கியதும் நாம் முதலில் தேடுவது நம் முகத்தை. அடுத்துக் கண் போய் நிற்கும் இடம் வயிறு. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் போர்த்திய சால்வையை இழுத்து மடியில் போட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். பக்கவாட்டில் நிற்பவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. மளிகைக் கடைக்காரர் என்றாலே வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா, முன்னே ஒரு தொப்பை என்று சினிமாக்காரர்களே முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள்.

வள்ளூரில் கடை வைத்திருக்கும் எனக்கும் அந்த அடையாளம் உண்டு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் எச்சரித்த பிறகு வாயைக் கட்டினேன், நடந்தேன். எட்டு மாதத்தில் 86 கிலோ 78 ஆயிற்று. கன்னம் ஒட்டிவிட்டது, சட்டைக் காலர் தொளதொளத்தது, விரலில் மோதிரம் நிற்கவில்லை. "இன்னா அண்ணாச்சி, ஒடம்பு சரியில்லையா?" என்று வாடிக்கையாளர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். தொப்பை மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. இவ்வளவு பாடுபட்டும் பலன் இல்லையே, போதும் என்று விட்டுவிடத் தீர்மானித்தேன். நம் சங்க அன்பர்கள் பலரும் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். அப்படி விடுவது, லாபம் கைக்கு வரும் நேரத்தில் கடையை மூடுவது போன்றது. காரணத்தைச் சொல்கிறேன்.

வயிற்றில் இரண்டு வகைக் கொழுப்பு இருக்கிறது. விரலால் கிள்ளினால் பிடிபடுவது தோலுக்கு அடியில் உள்ளது. கடை முகப்பில் அடுக்கிய சரக்கு மாதிரி எல்லோர் கண்ணிலும் படும். மற்றது வயிற்றுத் தசைக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்வது. இது பின்கட்டுக் கிடங்கு. கிள்ளினால் கிடைக்காது, வயிறு பானை போல் கெட்டியாக நிற்கும். ஆபத்து அதிகம் இதில்தான். இங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் போகும் இரத்தக் குழாயில் நேராக இறங்குகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் இருந்தும் அதன் வேலை நடப்பதில்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், மாரடைப்பு எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிடுகிறது.

உடம்பு எடை குறையத் தொடங்கும்போது பெரும்பாலும் பின்கட்டுக் கிடங்குதான் முதலில் வேகமாகக் காலியாகிறது. மூச்சு வாங்க நடப்பது, சைக்கிள் மிதிப்பது போன்ற உழைப்பு, எடை அவ்வளவாகக் குறையாதவர்களுக்கும் உள்கொழுப்பைக் கரைக்கிறது. முகப்புச் சரக்கு அப்படியல்ல. ஆண்களுக்கு அடிவயிற்றிலும், பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் உள்ள தோலடிக் கொழுப்பு, 'வெளியே விடு' என்று வரும் ஹார்மோன் கட்டளைக்கு மெதுவாகத்தான் பணியும். முகம், கழுத்து, கை எல்லாம் இளைத்த பிறகே அதன் முறை வரும். ஆகவே கிடங்கு பாதி காலியான பின்னும், கண்ணாடி முன் நிற்பவருக்கு முகப்பு நிறைந்தே தெரிகிறது.

என் கதையிலும் அதுவே நடந்திருந்தது. விட்டுவிடத் தீர்மானித்த அந்த வாரம், டாக்டரின் பழைய சீட்டு மேஜை டிராயரில் கிடைத்தது. அதில் இடுப்புச் சுற்றளவு 105 செ.மீ. என்று எழுதியிருந்தது. தையல்காரரிடம் டேப் வாங்கி அளந்தால் 97! எட்டு செ.மீ. குறைந்தது எனக்கே தெரியவில்லை. குற்றம் வேட்டியினுடையது. பேன்ட் போடுகிறவருக்குப் பொத்தான் சொல்லிவிடும். வேட்டியோ நாம் பெருத்தாலும் இளைத்தாலும் ஒரே மாதிரி அனுசரித்துப் போகும்.

இனி, வயிற்றை மட்டும் குறைக்கிறோம் என்று வரும் விளம்பரங்கள். வியர்க்க வைக்கும் பெல்ட், அதிரும் மெஷின், வெந்நீரில் கலக்கும் பொடி என்று எத்தனையோ. நானும் ஒரு பெல்ட் வாங்கினேன்; இப்போது அது அட்டைப் பெட்டி கட்டப் பயன்படுகிறது. பெல்ட் கட்டினால் போவது வியர்வைத் தண்ணீர். இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்தால் அங்கே உள்ள தசை உறுதியாகும். மேலே உள்ள கொழுப்பு அதற்கென்று கரையாது. 1971-இல் அமெரிக்காவில் டென்னிஸ் வீரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே கையால் மட்டையடிப்பவர்கள். ஆடும் கை தசையேறிப் பருத்திருந்தது. தோலடிக் கொழுப்பின் தடிமனோ இரு கைகளிலும் வித்தியாசமில்லாமல் இருந்தது. உடம்பு மொத்தக் கணக்கில்தான் கொழுப்பை எடுக்கும். எந்த ரகத்தை முதலில் எடுப்பது என்று நாம் ஆர்டர் போட முடியாது.

நம் தொழிலுக்கும் தொப்பைக்கும் உள்ள உறவை ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரை ஆராய்ந்து, ஜீன் மேயர் என்ற சத்துணவு அறிஞரும் அவருடைய குழுவினரும் 1956-இல் முடிவை வெளியிட்டார்கள். மூட்டை தூக்குவோர், எந்திரத்தில் நிற்போர், எழுத்தர்கள் ஆகியோருடன் ஆலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். காலை முதல் இரவு வரை கடையிலேயே உட்கார்ந்திருந்த அந்தக் கடைக்காரர்கள்தான் எல்லோரிலும் அசைவு குறைந்தவர்கள், எடை மிகுந்தவர்களும் அவர்களே. உழைப்பு குறைந்தால் பசியும் குறையும் என்றுதான் நாம் நினைப்போம். ஓரளவு வரை அது சரி. அதற்கும் கீழே, அசைவே அற்ற நிலைக்குப் போனவர்கள், லேசாக உழைப்பவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். கல்லாப்பெட்டி முன் உட்கார்ந்தபடி பொட்டுக்கடலையை வாயில் போடும் நம் பழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற டாக்டர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் எழுதினார். நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் டிரைவரைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு. 1956-இல் அவர் குழு அவர்களுடைய சீருடை அளவுகளையே எடுத்துப் பார்த்தது. எந்த வயதிலும் டிரைவரின் கால்சட்டை இடுப்பு பெரிது. அதோடு, ஒல்லியானவர்களை மட்டும் ஒப்பிட்டாலும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவாக இருந்தது. எனக்குத் தொப்பையே இல்லை என்று இதை வாசித்துக்கொண்டிருக்கும் அன்பர்களும் கவனிக்க. கடையில் யார் டிரைவர், யார் கண்டக்டர் என்று சொல்ல வேண்டியதில்லை. சரக்கு எடுத்துத் தரும் பையன் ஒட்டிய வயிற்றோடு ஓடிக்கொண்டிருக்கிறான், முதலாளி நாற்காலியில்.

நம் நாட்டு உடம்புக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யூட்கினும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடை இருவருக்கும் ஒன்றே. உடம்பில் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! வெளியே மெலிவு, உள்ளே கொழுப்பு. ஆகவேதான் இந்தியர்களுக்கு அளவைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்: ஆணுக்கு 90 செ.மீ., அதாவது சுமார் 35½ அங்குலம். பெண்ணுக்கு 80 செ.மீ., சுமார் 31½ அங்குலம். அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். 2023-இல் வெளியான தேசிய ஆய்வில் நாட்டில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருந்தது. தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம்.

சர்க்கரை நோய் மருத்துவத்தில் நம் வடசென்னைக்குத் தனிப் பெயர் உண்டு. ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம். விசுவநாதன், 1954-இல் இராயபுரத்தில் அந்நோய்க்கென்றே மருத்துவமனை கண்டார். பிறகு சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. எல்லைக்கோட்டில் நின்ற 531 பேர் அதில் இருந்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினம் அரை மணி நடை, உணவுக் கட்டுப்பாடு என்று தொடர்ந்து ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் 39.3 சதவீதம். இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை மெஷினும் கண்ணாடியும் காட்டாத லாபம் உள்ளே வரவாகிக்கொண்டிருந்தது.

சரி, கடையை விட்டு நகர முடியாத நாம் என்ன செய்வது? என் அனுபவத்தில் உதவியதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, வீட்டுக்குப் போகும் சரக்குக்குப் பில் போடுவது. வாடிக்கையாளருக்குப் பத்து ரூபாய் சாமானுக்கும் கணக்கு எழுதுகிறோம். நம் வீட்டுக்கு எண்ணெய் தீர்ந்தால் அலமாரியிலிருந்து எடுத்துப் போவதோடு சரி. ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். நாலு பேருக்கு எண்ணெய் மட்டும் ஐந்து லிட்டர். தலைக்குத் தினம் 40 மில்லிக்கு மேல், ஏறக்குறைய 340 கலோரி. அடுத்து டீ. கடைக்கு வரும் ஏஜென்டுகளோடு சேர்ந்து ஆறு டீ, ஒவ்வொன்றிலும் பத்து கிராம் சர்க்கரை என்றால் தினம் 60 கிராம், 240 கலோரி. மாதத்துக்கு 7,200. ஒரு கிலோ உடல் கொழுப்பின் மதிப்பு சுமார் 7,700 கலோரி. உடம்பு ஏட்டுக் கணக்குப்படி அப்படியே நடக்காதுதான், ஆனாலும் எந்த இனத்தில் பணம் போகிறது என்று தெரிந்துவிடும். முந்திரி டப்பாவைக் கை எட்டாத தட்டில் வைத்ததும் ஒரு சிக்கனம்.

அரிசியை எடை போட்டுச் சமைக்கச் சொன்னேன். தராசு நம்மிடம்தானே இருக்கிறது! சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வில், சாப்பிடும் மொத்த கலோரியில் பாதிக்குச் சற்றுக் குறைவு தீட்டிய தானியங்களிலிருந்தே வந்தது தெரிந்தது. அதிலும் பெரும்பங்கு வெள்ளை அரிசி. அதை அதிகம் உண்டவர்களுக்கு இடுப்பளவும் அதிகம். சோற்றை விட்டுவிட வேண்டாம். ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் காயும் பருப்பும் வையுங்கள். காசிமேட்டு மீன் சாப்பிடுகிறவர்களுக்கு வறுவலைவிடக் குழம்பு நல்லது. பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றைக் குறைத்துப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போய்விடும். கை கால் குச்சியாகி வயிறு இன்னும் எடுப்பாகத் தெரியும். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும்.

இரவுச் சாப்பாடு நம் தொழிலின் சாபம். பத்தரைக்கு ஷட்டரை இறக்கி, பசியோடு போய், முழுச் சாப்பாடு சாப்பிட்டுப் படுக்கிறோம். ஏழு மணிக்குக் கடையிலேயே ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டால் பத்தரைக்கு இரண்டு இட்லி போதுமானதாகிறது. தூக்கமும் முக்கியம். கோயம்பேடு போக இரண்டு மணிக்கு எழுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2022-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில் 12 பேரை இரண்டு வாரம் நாலு மணி நேரமே தூங்க விட்டார்கள். தினம் சுமார் 300 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வயிற்று உள்கொழுப்பு 11 சதவீதம் ஏறியது. விடியற்காலை லோடு எடுக்கும் நாளில் மதியம் ஒன்றரை மணி நேரம் கடையை மகனிடம் விட்டுத் தூங்குவதில் தவறில்லை.

நடக்க எங்கள் பக்கம் நல்ல சாலை இல்லை. அத்திப்பட்டு வழியில் லாரிப் புழுதி, எண்ணூர் சாலையில் கன்டெய்னர் வரிசை. தெருவுக்குள்ளேயே நாலு சுற்று சுற்றுகிறேன். கடையில் நாற்காலியை எடுத்துவிட்டு, காலை வியாபாரம் இரண்டு மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும் நின்றே பார்க்கிறேன். மேல்தட்டுச் சரக்குக்குப் பையனைக் கூப்பிடாமல் நானே ஏறுகிறேன். ஓய்வான நேரத்தில் ஸ்டூலிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது தொடைத் தசைக்கு நல்லது. பையனுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது; இப்போது எண்ணிக்கை சொல்கிறான்.

அளப்பதில் ஒரு முறை வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். எக்கிப் பிடித்து அளப்பது எடைக்கல்லில் மோசம் செய்வது போல. பேன்ட் சைஸை நம்ப வேண்டாம். பலர் அதைத் தொப்பைக்குக் கீழே போடுகிறார்கள். மாதம் ஒரு முறை, முதல் தேதி வாடகை கொடுக்கும் அன்று, அளந்து எழுதினால் போதும்.

சிலவற்றுக்கு டேப் போதாது, டாக்டர் வேண்டும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் திடீரென உப்பினால், முக்கியமாகக் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு, அது தொப்பையாக இல்லாமல் கல்லீரல் கெட்டுச் சேர்ந்த நீராக இருக்கலாம். ஒன்றும் செய்யாமலே எடை இறங்கினால் மகிழ வேண்டாம்; சர்க்கரை முதலில் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் மயக்கம் வரும்.

என் பற்று வரவு ஏட்டின் கடைசிப் பக்கத்தில் 105-இல் தொடங்கி, போன முதல் தேதியில் 94 என்று எழுதியிருக்கிறேன். 90-க்கு இன்னும் நாலு பாக்கி.