இரவுக் கடலில் சின்னப் படகு: எந்த விளக்கு, எங்கே, எப்படி?

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கோவளம் வரை மீனவக் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்கள் குறைந்து, பைபர் படகுகள் பெருகின. மூன்று நான்கு பேர் சாயங்காலம் கிளம்பி, வலையை விட்டுக் காத்திருந்து, விடியும் முன் இழுத்து, காலை ஏலத்துக்குக் கரை திரும்புவது பல குடும்பங்களின் பிழைப்பு. அந்த இரவில் படகுக்குத் துணை வெளிச்சம்தான்.

அரிக்கேனும் டார்ச்சும் இருந்த இடத்தில் இன்று எல்.இ.டி. வந்துவிட்டது. விலை குறைவு, பேட்டரியும் அதிகம் குடிக்காது. ஆனால் இருசக்கர வாகனக் கடையில் வாங்கிய விளக்கை வளைகம்பில் கட்டி, கிடைத்த வயரில் இணைத்துக்கொண்டு போவது பாதுகாப்பு ஆகாது. படகில் விளக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு: நாம் பார்க்க வேண்டும், பிறர் நம்மைப் பார்க்க வேண்டும். மூன்றாவதாகச் சிலர் கொடுக்கும் வேலை, மீனைக் கூட்டுவது. அது சட்டத்துக்கும் கடலுக்கும் விரோதமானது.

முதல் விளக்கு பிறருக்காக

மாமல்லபுரத்தில் இன்றைய கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலேயே ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலின் உச்சியில்தான் கப்பல்களுக்காக விளக்கு எரிந்தது. கரை எங்கே என்பதைக் கரையின் விளக்கு சொல்லிவிடும். படகு எங்கே என்பதைப் படகுதான் சொல்ல வேண்டும்.

சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் சரக்குக் கப்பல்கள் இந்தக் கடல் வழியாகச் செல்கின்றன. பைபர் உடல் ரேடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. அதனால் கப்பலின் ரேடார் திரையில் சின்னப் படகு தெரியாமலே போகலாம். மோதினால் என்ன ஆகும் என்பதை மேற்குக் கடற்கரை பார்த்திருக்கிறது. 2017 ஜூன் 11 அதிகாலை கொச்சிக்கு அருகே ‘கார்மல் மாதா’ என்ற மீன்பிடிப் படகின் மீது ‘ஆம்பர் எல்’ சரக்குக் கப்பல் மோதி உயிர்கள் போயின. 2021 ஏப்ரல் 13 அதிகாலை மங்களூருக்கு மேற்கே ‘ரபா’ படகும் ‘ஏ.பி.எல். லே ஹாவ்ர்’ கப்பலும் மோதின. படகில் இருந்த 14 பேரில் உயிரோடு மீண்டவர்கள் 2 பேர். அந்தப் படகில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டு சர்வதேச விதிகள் விளக்குகளைத் தெளிவாக வகுத்திருக்கின்றன. 12 மீட்டருக்குக் குறைவான இயந்திரப் படகு ஓடும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, உயரத்தில் சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு வேண்டும். வலை விட்டிருக்கும்போது, உயரத்தில் சிவப்பு, அதன் கீழே வெள்ளை என்று சுற்றிலும் தெரியும் இரண்டு விளக்குகள் எரிய வேண்டும். மடிவலை இழுக்கும் படகுக்குச் சிவப்புக்குப் பதில் பச்சை. வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டு கிடந்தால், அது கிடக்கும் பக்கத்தைக் காட்ட இன்னொரு வெள்ளை விளக்கும் வேண்டும்.

சின்னப் படகின் சுற்று விளக்கு குறைந்தது 2 கடல் மைல், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும். மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் அந்தத் தூரத்தை எட்டரை நிமிடத்தில் கடந்துவிடும். அதற்குள் கப்பல் திசை திருப்பவும், படகில் இருப்பவர்கள் விழித்து இயந்திரத்தை முடுக்கவும் வேண்டும். வெறும் வெள்ளை டார்ச்சைக் கண்டு, ‘இது வலை விட்டிருக்கும் படகு’ என்று மாலுமியால் சொல்ல முடியாது.

வேலை விளக்கு எங்கே?

மீனை வலையிலிருந்து எடுக்கவும் கயிற்றின் சிக்கைப் பிரிக்கவும் வெளிச்சம் வேண்டும். இதற்கு 9 அல்லது 10 வாட் விளக்குகள் இரண்டு போதும். அவை படகின் உள்பக்கத்தை நோக்கிக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவரின் முகத்தில் வெளிச்சம் விழக்கூடாது. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு கணம் பளிச்சென்று அடித்தாலும் அது கலைந்துவிடும். அதன் பிறகு எதிரே மிதக்கும் மரக்கட்டையும் தெரியாது, வேறு படகும் தெரியாது. வேலை விளக்கின் பிரகாசம் மேலே உள்ள சிவப்பு, வெள்ளை விளக்குகளை மறைக்கவும் கூடாது. வேலை முடிந்ததும் வேலை விளக்கை மட்டும் அணைக்க, அதற்கும் மேலே உள்ள விளக்குகளுக்கும் தனித்தனி சுவிட்ச் வேண்டும்.

கரைக்கு அருகே வரும்போது இன்னொரு கவனம் தேவை. ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இந்த மணலில் முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பித் திசை தேடுபவை. கரையை நோக்கி விளக்கு எரிந்தால் அவை கடலை விட்டு ஊரை நோக்கி நகரும்.

பேட்டரிக் கணக்கு

சுற்று விளக்குகள் இரண்டும் தலா 3 வாட் என்றால், 10 மணி நேரத்துக்கு 60 வாட்-மணி. வேலை விளக்கு 18 வாட், 3 மணி நேரத்துக்கு 54. ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். ரேடியோவுக்குச் சுமார் 100 என்று வைத்தால், ஓர் இரவுக்கு மொத்தம் 214 வாட்-மணி. 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் 480 வாட்-மணி இருக்கும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அதனால் நம் கையில் உள்ளது 240. சரியாகப் போதும். பழைய 10 வாட் இழை பல்பு என்றால் அந்த இரண்டு சுற்று விளக்குகளே 200 வாட்-மணியைத் தின்றுவிடும்.

வீட்டு 230 வோல்ட் பல்பை இன்வெர்ட்டர் வைத்துப் படகில் எரிக்கவே கூடாது. உப்புத் தண்ணீரும் ஈரக் கையும் இருக்கும் இடத்தில் அது உயிருக்கு ஆபத்து.

வயர் போடும் முறை

படகு விளக்கு பழுதாவது பெரும்பாலும் இணைப்பில்தான். செம்புக் கம்பியின் நுனி பச்சையாகப் பூத்திருந்தால் உப்பு உள்ளே ஏறிவிட்டது என்று பொருள். வெள்ளீயம் பூசிய செம்பு வயர் நீண்ட நாள் தாங்கும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு கடலுக்கு ஆகாது. குழாய் முனையை அழுத்திப் பொருத்தி, மேலே சூட்டில் சுருங்கும் உறையைப் போட வேண்டும். விளக்குக்குள் நுழையும் முன் வயரைச் சற்றுத் தொங்கலாக வளைத்துவிட்டால், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உள்ளே ஏறாது.

மெல்லிய வயர் மின்சாரத்தை வழியிலேயே தின்னும். 60 வாட் விளக்கை 6 மீட்டர் தள்ளி 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இணைத்தால் 2 வோல்ட் போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வயர் உரசித் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். பேட்டரி மூடிய பெட்டியில், காற்றோட்டத்தோடு, பெட்ரோல் டாங்கை விட்டுத் தள்ளி இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும்.

விளக்கு வாங்கும்போது ‘ஐ.பி. 67’ முத்திரையைப் பாருங்கள். அது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரம். 10 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் விளக்கு பேட்டரி ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும். பொருத்தும் திருகு 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். பைபரில் போட்ட துளையைச் சிலிக்கோன் பசையால் அடைக்க வேண்டும்.

மலிவு எல்.இ.டி.யின் உள்சுற்று வி.எச்.எஃப். ரேடியோவில் இரைச்சல் கிளப்பக்கூடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் இதைப் பற்றிப் பாதுகாப்பு எச்சரிக்கையே விடுத்தது. கரையில் இருக்கும்போதே ரேடியோவை 16ஆம் அலைவரிசையில் வைத்து விளக்கை அணைத்தும் எரித்தும் கேளுங்கள். இரைச்சல் கூடினால் அந்த விளக்கு வேண்டாம்.

மீனைக் கூட்டும் விளக்கு

கடல்மேல் பெரும் வெளிச்சம் போட்டால் மிதவை நுண்ணுயிர்கள் கூடும். அவற்றைத் தேடிச் சிறு மீன் வரும், அதன் பின்னால் பெரிய மீனும் கடம்பாவும் வரும். அந்தக் கூட்டத்தைச் சுருக்குமடியால் வளைத்தால் குஞ்சும் முட்டைத் தாயும் சேர்த்து அள்ளப்படும். அன்றைக்குப் பெரிய படகுக்கு லாபம், மறுநாள் கரையோரச் சின்னப் படகுக்கு வெறும் வலை. கோவா, கர்நாடகக் கரைகளில் சிறு மீனவர்கள் இதை எதிர்த்துப் போராடியதற்குக் காரணம் இதுதான்.

மத்திய அரசு 2017 நவம்பர் 10 அன்று, மடிவலை, சுருக்குமடி, செவுள்வலைத் தொழில்களில் எல்.இ.டி. முதலிய செயற்கை ஒளியால் மீனை ஈர்ப்பதை இந்தியப் பொருளாதாரக் கடல் எல்லையில் தடை செய்தது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 ஆளுகிறது. தண்ணீரைப் பார்த்துத் திருப்பிய பெரும் விளக்கு இருந்தால், சோதனைக்கு வருபவர்களிடம் அது வேலை விளக்கு என்று சொல்லித் தப்ப முடியாது. பொருத்தும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சிறு மீனவரின் நலனும் கடலின் நலனும் இதில் ஒன்றுதான். மானியம் கொடுப்பவர்களும் ஊர்ப் பஞ்சாயத்தாரும் முதலில் கொடுக்க வேண்டியது, விதிப்படியான சுற்று விளக்கும் நல்ல வயரும் ஃபியூஸும்தான். இரவுக் கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகும் சாயங்காலமே விளக்கை எரித்துப் பார்த்துவிட்டு இறங்கட்டும். ஆபத்தில் அழைக்க, கடலோரக் காவல்படையின் எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்தின் எண் 1093.