பெட்டியே பீடம்

கூத்துக் கட்டைகள் – தொடர் 9

சென்ற இரண்டு வாரங்களில், கல்யாண முருங்கை மரம் கிரீடமாகவும் தோளணியான புஜகீர்த்தியாகவும் மார்ப்பதக்கமாகவும் மாறுவதைப் பார்த்தோம். செதுக்கி, காகிதம் ஒட்டி, வர்ணம் பூசி, கண்ணாடிச் சில்லுகளைப் பதித்த பிறகு அந்த மரத்துண்டு துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் உரிய கவசமாகிவிடுகிறது. விடிந்து கூத்து முடிந்ததும் அந்தக் கவசம் எங்கே போகிறது? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

சித்தூர், திருப்பதி பக்கத்தில் கோடை என்றால் பாரதக் கோடை. திரௌபதியம்மன் கோயில்களிலும் தர்மராஜா கோயில்களிலும் பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்கும் மேலாக, மகாபாரத உற்சவம் நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், படுகளத்தில் துரியோதனன் வீழ்வான், பிறகு தீமிதி. நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரத்தில் இதைத் தமிழிலும் கேட்கலாம், தெலுங்கிலும் கேட்கலாம். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாகும்வரை, சித்தூர்தான் வடஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1960இல் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக் கோடுகள் மாறினாலும் கூத்தின் நிலம் ஒன்றாகவே இருக்கிறது. செய்யாறு பக்கத்துப் புரிசையிலும் காஞ்சிபுரத்துச் சுற்றுப்புறத்திலும் பார்க்கும் தோள் கட்டைகளின் உறவுக்காரர்களை நகரியிலும் பார்க்கலாம்.

இந்த விழாக்களில் இரண்டு வகைப் பொருள்கள் உண்டு. அழிவதற்கென்றே செய்தவை ஒரு வகை. படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்தும் துரியோதனன் அன்றோடு முடிந்தான். மே மாதத்தில் நடக்கும் திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் அம்மனின் விசுவரூபத்தைக் களிமண்ணில் சமைப்பார்கள். ஜாத்திரை முடிவில் அதைக் கலைத்துவிடுவார்கள். அடுத்த வருஷமும் வர வேண்டியவை இன்னொரு வகை. இந்த மர அணிகளான கூத்துக் கட்டைகள் அந்த இரண்டாவது வகை. அப்பா கட்டிய புஜகீர்த்தியைத்தான் மகனும் கட்டுகிறான். மண் கலையலாம். கட்டை கலையக் கூடாது.

ஆனால் கலைகிறது. ஆட்டத்தில் உடைவதைவிட, ஆடாத மாதங்களில்தான் அதிகம் பாழாகிறது. காரணங்கள் நான்கு.

முதலாவது வியர்வை. இரவெல்லாம் ஆடியவரின் உடம்பிலிருந்து அவிழ்க்கும் மார்ப்பதக்கத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கும். அடுத்த ஊருக்கு வண்டி நிற்கிறது என்று அந்த ஈரத்தோடேயே பெட்டியில் வைத்து மூடிவிடுகிறோம். ஒட்டிய பசை இளகுகிறது, காகிதம் உப்புகிறது, கண்ணாடியின் முதுகில் உள்ள ரசம் கறுக்கிறது.

இரண்டாவது வண்டு. கல்யாண முருங்கை இலேசான மரம். அதனால்தான் அதைத் தலையில் வைத்து விடியவிடிய ஆட முடிகிறது. அந்த மென்மையே உளுக்கும் வண்டுக்கு விருந்து. மேலே வர்ணம் அப்படியே இருக்கும், உள்ளே மாவாகிவிடும்.

மூன்றாவது ஆணி. மண்டபச் சுவரில் ஓர் ஆணி அடித்து, கட்டையைக் கட்டும் கயிற்றிலேயே மாட்டிவிடுவது பல ஊர்களில் வழக்கம். ஆடும்போது தோள் தாங்குகிற பாரத்தை மாதக்கணக்கில் இரண்டு ஓட்டைகள் தாங்க வேண்டியிருக்கிறது. விரிசல் அங்கேதான் தொடங்கும்.

நான்காவது தகரப் பெட்டி. ட்ரங்குப் பெட்டி பகலில் கொதிக்கும், இரவில் குளிரும். ஐப்பசி மழையில் உள்பக்கம் வியர்க்கும். நகரி, திருப்பதி பக்கம் வடகிழக்குப் பருவமழையும் நன்றாகப் பெய்யும் என்பதால் இங்கே இது பெரிய தொல்லை.

இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே தீர்வு, ஒரு நல்ல தாங்கி. பார்வைக்கு வைப்பது அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை, கட்டையைக் காற்றாட நிறுத்திக் காயவைப்பது.

கவசத்தை எப்படி நிறுத்துவது என்பது உலகம் முழுவதும் யோசித்த விஷயம். ரோமானியப் படைவீரனின் பட்டைக் கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடிப்பவை உள்ளே ஓடும் தோல் வார்கள். இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் 1964இல் மண்ணுக்கடியில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. தோல் போர்த்தி இரும்புப் பூண் போட்ட அந்தப் பெட்டிக்குள் இந்தக் கவசத்தின் பகுதிகள் இருந்தன. அவற்றை வைத்துத்தான் ரஸல் ராபின்சன் என்ற அறிஞர் கவசம் முழுவதையும் மீட்டு அமைத்தார். இன்று அதே மாதிரி செய்து அணிந்து காட்டும் குழுக்கள் உண்டு. 1972இல் தொடங்கிய எர்மைன் ஸ்ட்ரீட் கார்ட் அவற்றில் மூத்த குழுக்களில் ஒன்று. இவர்கள் மெல்லிய சட்டை மாட்டியில் கவசத்தைத் தொங்கவிட முடியாது. பாரம் முழுவதும் தோல் வார்களில் இறங்கி அவை இழுபட்டு அறுந்துவிடும். அகலமான தோள் வேண்டும்.

ஜப்பானின் சாமுராய்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களுடைய கவசத்துக்கு ஒரு பெட்டி உண்டு. பயணத்தில் கவசம் பெட்டிக்குள். ஊர் சேர்ந்ததும் அதே பெட்டிமேல் தாங்கியை நிறுத்தி, கவசத்தை அமர்த்திவிடுவார்கள். ஊர் ஊராகப் போகும் நம் கூத்துக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. பெட்டி இல்லாத குழு இல்லை. அந்தப் பெட்டியையே பீடமாக்கிவிட்டால் போதும்.

நகரி அருகே ஒரு குழுவுக்காக அங்குள்ள ஆசாரி ஒருவரோடு சேர்ந்து செய்த அமைப்பைச் சொல்கிறேன். அளவெடுக்க உட்கார்ந்தபோது கட்டையை அளப்பதற்கு முன் ஆடுகிறவரைத்தான் கேட்டோம்.

“வாத்தியாரே, கிரீடத்தோட பாரம் தலையில எங்க நிக்குது?”

“உச்சியிலயும் நெத்தியிலயும் நிக்கணும் சார். காதோரம் அழுத்துச்சுன்னா ஒரு கிறுக்கிகூட சுத்த முடியாது.”

“புஜகீர்த்தி?”

“அது தோள்ல படுக்கணும். கயிறு சும்மா பிடிச்சிக்கத்தான். கயிறு தாங்குச்சுன்னா கழுத்து அறுந்துபோவும்.”

தாங்கியின் இலக்கணம் முழுவதும் இந்தப் பதிலில் இருக்கிறது. உடம்பு எங்கே தாங்குகிறதோ அங்கேதான் மரமும் தாங்க வேண்டும். கயிறும் ஆணியும் விழாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே.

பெட்டி. நீளம் 36 அங்குலம், அகலம் 22, உயரம் 18. கீழே நான்கு அங்குலக் கால்கள். தரை ஈரமும் கரையானும் நேராக ஏறாது. ஏறினாலும் கண்ணில் படும். நன்றாகக் காய்ந்த வேப்பம்பலகை போதும். செம்மரம் வேண்டாம். சேஷாசல மலையின் அந்த மரம் சட்டப் பாதுகாப்பில் உள்ளது, கனமும் அதிகம். ப்ளைவுட் என்றால் பசையின் வாடை முழுக்கப் போகும்வரை சில வாரங்கள் திறந்து காற்றாட விடுங்கள். அந்த ஆவி கண்ணாடி ரசத்துக்கும் சரிகைக் காகிதத்துக்கும் ஆகாது.

தண்டு. பெட்டி மூடியின் நடுவில் இரண்டு அங்குலச் சதுரத் துளை. அதற்கு நேர் கீழே, பெட்டியின் அடிப்பலகையில் அதே அளவு குழியுள்ள ஒரு கட்டை. கட்டைகளை வெளியே நிறுத்தும்போது பெட்டி காலிதானே! தண்டு மூடி வழியாக இறங்கி அடிவரை போய் உட்காரும். இரண்டு இடத்தில் பிடி இருப்பதால் ஆடாது. தண்டின் நீளம் 56 அங்குலம். நடுவில் இரண்டாகக் கழன்று, ஒரு குழலில் செருகிக்கொள்ளும்; கழற்றினால் இரண்டு பாதியும் பெட்டிக்குள்ளேயே அடங்கும். காலிப் பெட்டிக்குள் ஒரு மணல் மூட்டையை வைத்துவிட்டால் குழந்தைகள் இடித்தாலும் சாயாது.

தோள். 16 அங்குல அகலம். பாரம் பரவ வேண்டும் என்பதால் மேல்பக்கம் நான்கு அங்குல அகலத்துக்கு வட்டமாக இழைத்திருக்க வேண்டும். இரு பக்கமும் மனிதத் தோள்போலவே சரிய வேண்டும். இதையும் தலைப்பகுதியையும் கடைய நல்ல கை வேண்டும். காளஹஸ்தி பக்கத்து மாதவமாலாவில் தலைமுறை தலைமுறையாக மரம் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது அரைநாள் வேலை.

தலை. ஆடுகிறவரின் தலைச் சுற்றளவைவிட ஒரு அங்குலம் குறைவாகக் கடைந்து, மீதியைத் துணி சுற்றி நிரப்புங்கள். துணியைக் கூட்டிக் குறைத்தால் ஒரே தாங்கியில் கிரீடமும் நிற்கும், சிகரேக் என்னும் தலையணியும் நிற்கும். விளிம்புக் கண்ணாடிகள் எதையும் தொடக் கூடாது.

மார்பு. தோளுக்குக் கீழே ஒரு சாய்ந்த பலகை, சற்றே பின்னோக்கி. மார்ப்பதக்கம் அதன்மேல் சாய்ந்து படுக்க வேண்டும், தொங்கக் கூடாது. பலகைக்கு நடுவே பெரிய துளைகள் இட்டால் ஈரமான உள்பக்கத்துக்குக் காற்று போகும். இந்தத் துளைகள்தான் தாங்கியின் உயிர்.

இடுப்பு. பிரம்பு வளையம் ஒன்று. விரிந்த பாவாடை அதில் பரந்து நிற்கும், மடிப்பு விழாது.

சலங்கையைத் தாங்கியில் மாட்டாதீர்கள். வியர்வை ஊறிய தோலில் பித்தளை பச்சைக் களிம்பு பிடிக்கும். அது துணிக்கும் பரவும். தனியே துடைத்து, காயவைத்து, தனிப் பையில் வையுங்கள்.

மரம் எங்கெல்லாம் கட்டையைத் தொடுகிறதோ அங்கெல்லாம் துணி வேண்டும். நகரித் தறிகளில் நெய்யும் வெள்ளைப் பருத்தித் துணியே போதும். ஆனால் முதலில் கொதிநீரில் போட்டுக் கஞ்சி முழுவதையும் போக்கிவிடுங்கள். கஞ்சி வாசத்துக்கு வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் வந்து சேரும். சாயத் துணி வேண்டாம், மழைக்காலத்தில் கறை ஏறும். ரெக்சின் கூடவே கூடாது. வெயிலில் அது இளகி வர்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

இனி அடுக்கும் வரிசை. வேஷம் கட்டும்போது பாவாடை முதலில், பிறகு மார்பு, தோள், கடைசியில் கிரீடம். பெட்டியில் இதைத் தலைகீழாக அடுக்குங்கள். கடைசியில் எடுக்க வேண்டிய கிரீடம் அடியில், அதற்கென்று துணிப் படுக்கையில். அதற்கு மேலே கம்பிச் சட்டத்தில் துணி இழுத்துக் கட்டிய தட்டு. அதில் புஜகீர்த்திகள் ஒன்றையொன்று தொடாமல். அதற்கு மேலே இன்னொரு தட்டில் மார்ப்பதக்கம். உச்சியில் பாவாடை. ஒன்றின் பாரம் மற்றொன்றின்மேல் விழக் கூடாது. தட்டின் விளிம்பு தாங்க வேண்டும். வேஷம் கட்டும் அவசரத்தில் எதையும் கிளற வேண்டியதில்லை. கைக்கு முதலில் வருவது முதலில் கட்ட வேண்டியதுதான்.

ட்ரங்குப் பெட்டி வைத்திருக்கும் குழு அதை வீச வேண்டாம். தாங்கிக்கு இரண்டு நீளக் கால்பலகைகள் வைத்து, ட்ரங்கை அவற்றின்மேல் ஏற்றுங்கள். பெட்டியின் பாரமே தாங்கியை நிறுத்திவிடும். உள்ளே இரண்டு மடிப்புப் பருத்தித் துணி விரித்துவிட்டால் வியர்ப்பதும் குறையும்.

பராமரிப்புக்கு நான்கே விதிகள். ஆட்டம் முடிந்த காலையில் கட்டைகள் குறைந்தது அரைநாள் நிழலில் தாங்கிமேல் நிற்க வேண்டும், வெயிலில் அல்ல. ஆடாத மாதங்களில் மாதம் ஒருமுறை கறுப்புத் துணி விரித்து, அதன்மேல் ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகத் தட்டுங்கள். வெளிர் மாவு விழுந்தால் வண்டு உயிரோடிருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டையை உடனே தனிப் பையில் கட்டிப் பிரித்துவிடுங்கள். வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் துணி முடிச்சில் மூலைக்கொன்றாக வைக்கலாம். நாப்தலின் உருண்டை வேண்டாம். மக்கள் பார்க்க வைக்கும்போது வெளிச்சம் குறைவாக இருக்கட்டும். வர்ணக் காகிதத்துக்கும் துணிக்கும் அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் எல்லை 50 லக்ஸ். நடைமுறையில் சொன்னால், நேர் வெயிலும் முகத்தில் அடிக்கும் ஃபோகஸ் விளக்கும் கூடாது.

மிகப் பழைய கட்டை, வர்ணம் உதிரும் கட்டை என்றால் நீங்களாகக் கை வைக்காதீர்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் எஸ். பரமசிவன் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. வெண்கலச் சிலைகளின் நோய் தீர்க்கத் தொடங்கிய இடம் அது. அதைப் போன்ற இடங்களில் யோசனை கேட்டுவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

சந்திரகிரி ராஜமஹாலில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. விஜயநகர அரசர்கள் வாழ்ந்த இடத்தில் கல்லும் வெண்கலமும் மரியாதையோடு நிற்கின்றன. அங்கிருந்து சிறிது தூரத்துக் கிராமங்களில் ஒவ்வொரு கோடையும் உயிர்பெறும் அரசர்களுக்கும் அந்த மரியாதை உரியது. அதற்குப் பெரிய கட்டடமோ மானியமோ வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டி, ஒரு தண்டு, ஒரு தோள், கொஞ்சம் வெள்ளைத் துணி. கோயில் மண்டபத்தில் நாள் முழுவதும் நின்று காய்ந்து, ஊர்ப் பிள்ளைகள் கிட்டே வந்து பார்த்து, இரவு வந்ததும் அதே கட்டை ஆடுகிறவரின் தோளுக்கு ஏறிவிடும். ஆட்டத்திலிருந்து பிரித்துக் கண்ணாடிக்குள் பூட்டாமல் காக்கும் வழி இது. இந்தப் பாரத சீசன் தொடங்குமுன் உங்கள் ஊர்க் குழுவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆட்டம் முடிந்த காலையில் கட்டையை எங்கே காயவைக்கிறீர்கள்? பதில் ஆணி என்றால், ஆசாரியைக் கூப்பிடும் நேரம் வந்துவிட்டது.

(அடுத்த வாரம்: உதிர்ந்த கண்ணாடிச் சில்லை எந்தப் பசையில் ஒட்டுவது?)