வெரோனிகா ஃபோஸ்: புகழ் போன பிறகு யார் கூட இருக்கிறார்கள்?

மார்க்கெட் போன நடிகர் மறுபடி எழப் பார்க்கும் கதை என்றால், நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ‘பேர்ட்மேன்’ (2014). நம்ம ஊர்ப் படங்களில், புகழோடு இருக்கும்போதே வேறொரு கலைஞனாக மாற ஆசைப்படும் நடிகரின் கதை கமலின் ‘உத்தம வில்லன்’ (2015). இவற்றோடு சேர்த்து, ஜெர்மனியில் இருக்கும் நாம் பார்க்க வேண்டிய படம் ஒன்று உண்டு: ஃபாஸ்பிண்டர் இயக்கிய ‘வெரோனிகா ஃபோஸின் ஏக்கம்’. 1982-இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருது வாங்கிய கருப்பு வெள்ளைப் படம். அதே ஆண்டு ஜூனில், 37 வயதில் ஃபாஸ்பிண்டர் இறந்துபோனார்.

கதை நடப்பது 1955-இல், மியூனிக்கில். நாஜி காலத்தில் உஃபா ஸ்டூடியோவின் நட்சத்திரமாக இருந்தவர் வெரோனிகா (ரோசல் செஷ்). போருக்குப் பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. மழை இரவில் குடை கொடுத்து உதவும் விளையாட்டு நிருபர் ராபர்ட்டுக்கு அவர் யாரென்றே தெரியாது. பழகப் பழகத்தான் விஷயம் புரிகிறது. வெரோனிகா ஒரு பெண் டாக்டரின் பிடியில் இருக்கிறார். டாக்டர் மார்ஃபின் கொடுப்பார். நோயாளிகள் சொத்தை எழுதிக் கொடுப்பார்கள். சுகாதாரத் துறை அதிகாரியும் இதில் கூட்டு.

இது முழுக்கக் கற்பனை இல்லை. 1932-இல் வந்த ‘வாம்பைர்’ படத்தில் நடித்த சிபில்லே ஷ்மிட்ஸ், 1955-இல் இதே மியூனிக்கில் தூக்க மாத்திரை தின்று இறந்தார். அவர் வாழ்க்கைதான் படத்துக்கு ஆதாரம்.

ஆபத்து என்றால் திரையில் இருட்டைக் காட்டுவதுதானே வழக்கம்? இங்கே தலைகீழ். டாக்டரின் கிளினிக் முழுக்கக் கண் கூசும் வெள்ளை. ரொம்ப நாள் கழித்து ஒரு சின்ன வேஷம் கிடைத்து வெரோனிகா கேமரா முன்னால் நிற்கும் காட்சி, படத்தின் உச்சம். டேக் மேல் டேக் போகிறது, வசனம் வரவில்லை, உடைந்துபோகிறார். செஷ் இதைக் கொஞ்சம்கூட மிகைப்படுத்தாமல் செய்திருக்கிறார். ஒரே குறை, ராபர்ட்டின் காதலி ஹென்ரியெட்டே. அந்தப் பெண்ணைக் கதை நகர்த்த மட்டும் பயன்படுத்திவிட்டார்கள்.

‘உத்தம வில்ல’னில் மனோரஞ்சனுக்கும் சாவு நெருங்குகிறது. ஆனால், கடைசிப் படம் ஒன்று எடுக்கணும் என்று அவர் போய் நிற்பது தன் குருவிடம். அந்த வேடத்தில் நடித்த கே. பாலசந்தர், படம் வெளிவரும் முன்பே, 2014 டிசம்பரில் காலமானார். இரண்டு பேருக்கும் திறமை இருக்கு, ஆசை இருக்கு. ஒருவருக்கு உண்மையைச் சொல்ல ஆள் இருந்தது. இன்னொருவருக்கு ஊசி போட ஆள் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, ரசிகர்களான நாம எந்தப் பக்கம்? வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு நூறு கிலோமீட்டர் கார் ஓட்டிப் போய், இருபது வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே என்ட்ரி, அதே பஞ்ச் டயலாக் கேட்டு விசிலடிக்கிறோம். அந்த நடிகர் வயசுக்கேற்ற ஒரு வேஷம் எடுத்தால், “ஓடிடியில வரட்டும் பார்த்துக்கலாம்” என்கிறோம். மார்ஃபின் ஊசி டாக்டர் கையில் மட்டும் இல்லையோ என்று இந்தப் படம் பார்க்கும்போது தோன்றியது.

104 நிமிடம்தான். ஜெர்மன் சுமாராகத் தெரிந்தாலும் சப்டைட்டிலோடு பாருங்கள். வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட உட்கார வையுங்கள்.