அச்சு அசலாக இருந்தால் யோசியுங்கள்

திருமலையின் அலிபிரி அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மலையேற வந்திருந்த வேலூர் நண்பர் ஒருவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ இசைத்தட்டின் அட்டை உறை. அதன் கீழ்மூலையில் நீல மையில் எம்.எஸ்ஸின் கையெழுத்து. அப்பா காலமான பிறகு பீரோவை ஒழுங்குபடுத்தியபோது கிடைத்ததாம். “இது நிஜம்தானா சார்? நெட்ல எம்.எஸ். கையெழுத்து ஒண்ணைத் தேடி எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். அப்படியே ஒத்துப்போகலையே” என்றார். நம்மில் பெரும்பாலோர் செய்யும் சோதனையைத்தான் அவரும் செய்திருக்கிறார். அந்தச் சோதனை நம்மை ஏன் தவறான பக்கம் கூட்டிப்போகிறது என்பதை நாம் நிதானமாகப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அது பேனா போட்டதா, அச்சகம் போட்டதா? நகைக்கடையில் கல் பார்க்கும் பூதக்கண்ணாடி இதற்குப் போதும். அச்சிட்ட கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்துபோகும். பேனாக் கோடு பிரியாது. பால்பாயின்ட் பேனா என்றால் அட்டையில் மெல்லிய பள்ளமும் விழுந்திருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால் அது தெரியும். கிரிக்கெட் மட்டைகளில் கம்பெனியே அச்சிட்டுத் தரும் வீரர் கையெழுத்தையும், ரசிகர் கடிதங்களுக்குப் பதிலாக நடிகர்களின் அலுவலகங்கள் அனுப்பிய புகைப்படங்களில் இருக்கும் கையெழுத்தையும் நம்பி ஏமாந்தவர்கள் பலர். அவை பொய் அல்ல, அச்சு. அவ்வளவுதான்.

பேனாவுக்கும் வயது உண்டு. பால்பாயின்ட் பேனா கடைகளுக்குப் பரவலாக வந்ததே 1945-க்குப் பிறகு. இன்று எல்லோரும் கையில் வைத்திருக்கும் மார்க்கர் வகைப் பேனாக்கள் 1960-களில் வந்தவை. 1930-ல் போட்டதாகச் சொல்லப்படும் கையெழுத்து பால்பாயின்டில் இருந்தால் மேற்கொண்டு ஆராயத் தேவையில்லை.

இப்போது நண்பரின் கவலைக்கு வருவோம். உண்மையான கையெழுத்து என்றால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கும், போலி என்றால் எங்காவது மாறும் என்று நாம் நினைக்கிறோம். நிலவரம் கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறானது. நம் வீட்டு வாசலில் தினமும் கோலம் போடும் கையை நினைத்துப் பாருங்கள். அதே புள்ளிக் கணக்கு, அதே சிக்குக் கோலம். ஆனாலும் செவ்வாய்க்கிழமைக் கோலத்தை எடுத்துப் புதன்கிழமைக் கோலத்தின் மேல் வைக்க முடிந்தால் இழைகள் பொருந்தாது. ஒரு வளைவு அகன்றிருக்கும், ஒரு இழை கொஞ்சம் நீண்டிருக்கும். பார்த்த மாத்திரத்தில் “இது அத்தை போட்டது” என்று சொல்லவும் முடியும். துளை போட்ட குழாயை உருட்டிப் போடும் கோலம்தான் ஆயிரம் வாசலிலும் ஒன்றுபோல விழும்.

கையெழுத்தும் அப்படித்தான். யாரும் ஒரே கையெழுத்தை இருமுறை போடுவதில்லை. எனவே இரண்டு கையெழுத்துகள் மயிரிழை பிசகாமல் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தினால், அவற்றில் ஒன்றாவது கையால் இயல்பாகப் போட்டதல்ல: பார்த்து இழுத்தது, அச்சடித்தது, அல்லது இயந்திரம் போட்டது. நண்பரைக் கலங்கடித்த சின்ன வேற்றுமை அந்த உறைக்கு எதிரான சாட்சி அல்ல.

இது 2022-ல் உலகமே பார்க்க நடந்தது. பாடகர் பாப் டிலன் எழுதிய புத்தகத்தில் அவரே கைப்பட ஒப்பமிட்ட பிரதிகள் என்று, ஒன்று 599 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர்கள் தத்தம் பிரதியைப் படமெடுத்து ஒப்பிட்டார்கள். பலருடைய கையெழுத்துகள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன! பேனாவைப் பிடித்துக்கொண்டு, பதிவுசெய்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் இயந்திரம் போட்ட ஒப்பம் அது. பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது. டிலனும் தவறு நடந்துவிட்டதென்று வருத்தம் தெரிவித்தார். இயந்திரத்தைக் காட்டிக்கொடுத்தது பிழை அல்ல, பிழையே இல்லாமை.

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? உருவத்தை விட்டுவிட்டு ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். பழகிய கை தாளைத் தொடும்போதே ஓடிக்கொண்டிருக்கிறது. தாளை விட்டு எழும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கோட்டின் நுனிகள் மெலிந்து, காற்றில் கரைவதுபோல முடியும். நடுவில் வேகம் கூடும் இடத்தில் கோடு ஒல்லியாகும், திரும்பும் இடத்தில் தடிக்கும். மாதிரியைப் பார்த்துப் போடுகிறவரோ வரைகிறார், எழுதுவதில்லை. அவர் கோடு தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தடிமன். நுனிகள் மழுங்கியிருக்கும். நிற்கக் கூடாத இடத்தில் பேனா நின்று, மாதிரியை இன்னொரு முறை பார்த்து, மீண்டும் கிளம்பியிருக்கும். அந்த இடத்தில் ஒரு சின்ன மைத் திட்டு.

ஒரே மனிதருக்குள் வேற்றுமை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் காந்தியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1909-ல் ‘கில்டோனன் காசில்’ கப்பலில் ‘இந்து சுயராஜ்யம்’ எழுதினார். 275 கையெழுத்துப் பக்கங்களில் 40 பக்கங்களை, வலக்கை ஓய்ந்தபோது, இடக்கையால் எழுதினார். ‘மோ.க.காந்தி’ என்று தமிழிலும் ஒப்பமிட்டிருக்கிறார். இத்தனையும் ஒரே ஆள். ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு காந்தியின் கையெழுத்தை முடிவு செய்யப் போனால் என்ன ஆகும்? அதனால்தான் கையெழுத்து ஆய்வாளர்கள் பல மாதிரிகளைக் கேட்கிறார்கள். அதுவும் ஏறக்குறைய அதே வயதில், அதே வகைப் பேனாவில், அதே மாதிரி சூழ்நிலையில் போட்டவை வேண்டும் என்பார்கள். மேடையிலிருந்து இறங்கி வரும்போது நின்றபடி போட்டதும், மேஜையில் உட்கார்ந்து காசோலையில் போட்டதும் வேறு வேறாகத்தான் இருக்கும்.

அடுத்த கேள்வி, யார் கை? இதற்கு அலிபிரியிலிருந்து ரொம்ப தூரம் போக வேண்டாம். பிற்காலத்தில் பக்கத்துச் சந்திரகிரிக் கோட்டையிலிருந்தும் ஆண்ட விஜயநகர அரசர்களின் செப்பேடுகள் இருக்கின்றன. கிருஷ்ணதேவராயர் காலத்துச் செப்பேடுகளின் முடிவில் அரசரின் ஒப்பமாக இருப்பது அவர் பெயர் அல்ல, ‘ஸ்ரீ விரூபாக்ஷ’ என்ற தெய்வப் பெயர். பின்னால் வந்த அரவீடு மரபின் வேங்கடபதி ராயர் காலத்தில் அது ‘ஸ்ரீ வேங்கடேச’ என்று மாறியது. இந்த மலைமேல் இருக்கும் சாமியின் பெயரே ராஜ முத்திரை. ஆனால் செம்பில் உளி பிடித்தவர் ஆசாரி. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. கிருஷ்ணதேவராயரின் செப்பேடுகளில் சுலோகம் இயற்றியவர் சபாபதி, செதுக்கியவர் மல்லணரின் மகன் வீரணாசாரியர் என்று பெயரோடு குறித்து வைத்தார்கள். ஒப்பம் அரசருடையது, கை இன்னொருவருடையது, இரண்டும் பதிவில் இருக்கிறது. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். நம் காலத்துப் பிரபலங்களுக்காக உதவியாளர்கள் போட்டுக்கொடுத்த கையெழுத்துகளில் இந்தக் குறிப்பு இல்லாததால்தான் இத்தனை குழப்பம்.

“சர்டிபிகேட் வாங்கிட்டா போதுமா?” என்று நண்பர் கேட்டார். டிலன் புத்தகத்தோடும் உறுதிக் கடிதம் வந்தது! அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற விசாரணையில் 1999-ல் பெரிய போலிக் கும்பல் ஒன்று பிடிபட்டது. விளையாட்டு வீரர்களின் கையெழுத்துகளை ஆயிரக்கணக்கில் போட்டுச் சான்றிதழோடு விற்றவர்கள். பிடிபட்டவற்றில் அன்னை தெரசா ஒப்பமிட்ட பேஸ்பால் பந்தும் உண்டு. கையெழுத்தையே போலியாகப் போடுகிறவருக்குச் சான்றிதழ் அடிப்பது எவ்வளவு எளிது என்று யோசித்தால் போதும். யார் தருகிறார்கள், தவறென்றால் பொறுப்பேற்பார்களா என்பது தெரியாத சான்றிதழுக்குத் தாளின் விலைதான்.

சான்றிதழைவிட வலுவானது வந்த வழி. யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எங்கே என்ற சங்கிலி. இதற்கு நல்ல கதை மதனப்பள்ளியில் இருக்கிறது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 1919 பிப்ரவரியில் அங்குள்ள பெசன்ட் தியசாபிகல் கல்லூரிக்குத் தாகூர் வந்து தங்கினார். அழைத்தவர் முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ். அங்கே தாகூர் ‘ஜன கண மன’வை வங்காளத்தில் பாடிக் காட்ட, கசின்ஸின் மனைவி மார்கரெட் அதற்கு இசைக்குறிப்பு எழுதினார். பாடலின் ஆங்கிலப் பெயர்ப்பைத் தாகூரே கைப்பட எழுதி, 1919 பிப்ரவரி 28 என்று தேதியிட்டுக் கையொப்பமும் இட்டார். கசின்ஸ் தம்பதியர் பின்னாளில் எழுதிய வாழ்க்கை நினைவுகளிலும் அந்த நாட்கள் வருகின்றன. இடம், தேதி, சாட்சிகள், எழுதிவைத்த நினைவு: ஒரு கையெழுத்துக்கு இதைவிடப் பலமான பின்னணி கிடைப்பது அரிது.

மூலத்தாள் பிற்பாடு அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். கல்லூரியில் இருப்பது நகல். அந்த நகலின் படம் எங்கும் பரவியிருக்கிறது. நாளைக்கே வேறொரு தாளில் தாகூரின் கையொப்பம் விற்பனைக்கு வந்து, அது இந்த நகலில் இருப்பதோடு துளியும் மாறாமல் பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் அதையே ஆதாரமாகக் காட்டுவார். நாம் இவ்வளவு தூரம் சேர்ந்து வந்துவிட்டதால் நமக்குப் புரியும்: அது மதனப்பள்ளித் தாளைப் பார்த்து எடுத்தது.

இனி மதிப்பு. சந்தை விலை என்பது வாங்க ஆள் எத்தனை, சரக்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. நிறையக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு விலை குறைவு. காந்தி அரிசன நிதிக்காக ஒரு கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கிக்கொண்டு பலருக்குப் போட்டுக் கொடுத்தார். இன்னொரு மதிப்பு வீட்டுக்குள் இருக்கிறது. நண்பரிடம், “அப்பா இதைப் பத்தி எப்பவாவது சொன்னாரா?” என்று கேட்டேன். கச்சேரி முடிந்து வெகுநேரம் வரிசையில் நின்று வாங்கினாராம், அம்மாவும் கூட இருந்தாராம். அந்த அம்மா இன்றும் இருக்கிறார். சந்தைக்கு அது அரைகுறைச் சாட்சி. குடும்பத்துக்கு அதுதான் முழுச் சொத்து. எந்த நிபுணரும் தர முடியாத ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்க வேண்டிய நேரம் இது. எந்த சபா, எந்த வருடம், பேனா யாருடையது, எம்.எஸ். ஏதாவது பேசினாரா? அவர் சொல்வதைப் போனிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் மையைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது, பூதக்கண்ணாடியில் கோட்டின் பள்ளமும் தெரியாது. சட்டம் போட்டு வெயில் படும் சுவரில் மாட்டினால் நீல மை சில வருடங்களில் வெளுத்துவிடும். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துத் தாள் 75 ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் அது தொல்பொருள் ஆகும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வீட்டில் தாத்தா காலத்துக் கடிதம் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கையெழுத்து இருக்கும் பொருளின் மேல் எதையும் எழுதாமல், தனித் தாளில் யார், எப்போது, எங்கே வாங்கியது, யார் உடன் இருந்தார்கள் என்று பென்சிலால் எழுதித் தேதியிட்டு, இரண்டையும் ஒரே உறையில் போட்டு, ஈரம் ஏறாத அலமாரியில் வையுங்கள்.